கடலுக்குக் காது வைத்த விமானம்

(ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞான மன்ற மாணவியர்)

முன்னுரை

அரியலூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணிதான். செப்டம்பர் மாதத் திருவிழாவுக்குப் பெற்றோருடன் சென்று, அலையில் கால் நனைத்து, கிளிஞ்சல் பொறுக்கி வந்ததே எங்களில் பலருடைய கடல் அனுபவம். இன்னும் சிலர் அதையும் பார்த்ததில்லை. அப்படியிருக்க, கடற்படை விமானத்தைப் பற்றி நாங்கள் ஏன் எழுதப் புகுந்தோம் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இரண்டு. முதலாவது, நம் ஊரே ஒரு காலத்தில் கடலாக இருந்தது. நம்மைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் கல் பூமியில் கிடைக்கும் சுருள் வடிவக் கல்சிப்பிகள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த உயிர்களின் மிச்சங்கள். அது மட்டுமன்று, நமது மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட இராஜேந்திர சோழன், 1025 ஆம் ஆண்டு வாக்கில் வங்கக் கடலைக் கடந்து கடாரம் வரை கப்பற்படை அனுப்பினான்.

இரண்டாவது காரணம், வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. ஒலியைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி, “தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் கப்பலை ஆகாயத்திலிருந்து கண்டுபிடிக்க முடியுமா, சிஸ்டர்?” என்று கேட்டாள். “நீங்களே தேடிப் படித்து, ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்” என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியையான அருட்சகோதரி சொல்லிவிட்டார்கள். அந்தத் தேடலில் கிடைத்ததே இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து பறந்த ‘அலிசே’ என்னும் விமானத்தின் வரலாறு.

பார்வைக்கு எட்டாத பகைவன்

நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? வானத்தில் வரும் விமானத்தையும் கடல்மேல் வரும் கப்பலையும் ராடார் காட்டிக் கொடுத்துவிடும். ராடார் அனுப்புவது ரேடியோ அலை. உப்பு நீருக்குள் அந்த அலை நுழைந்தவுடனே தேய்ந்து மறைந்துவிடுகிறது. வெளிச்சமும் சிறிது ஆழத்துக்குமேல் செல்வதில்லை. ஆகவே கடலுக்கடியில் கண் பயன்படாது, காதுதான் பயன்படும்.

ஒலி, காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரிலோ சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. கெட்டியான பாறையில் இன்னும் வேகம் அதிகம். இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது, முதலில் வீட்டு அலமாரியில் உள்ள டம்ளர்கள் கடகடவென்று ஆடும். பிறகுதான் ‘டமார்’ என்ற ஓசை காதில் விழும். பூமி வழியாக வந்த அதிர்வு, காற்று வழியாக வந்த ஓசையை முந்திக்கொள்கிறது. 1,700 மீட்டர் தூரத்தில் வெடித்தால் காற்றில் ஓசை வந்து சேர ஐந்து விநாடி ஆகும். அதே தூரத்தைக் கடல்நீரில் கடக்க ஒரு விநாடிக்குச் சற்றே அதிகம் போதும். ஒரு நீர்மூழ்கியின் இயந்திர ஓசையும், அதன் விசிறி நீரைக் கடையும் ஓசையும் இப்படித்தான் வெகுதூரம் பரவுகின்றன.

செய்து பார்ப்போமா?

நீண்ட மர பெஞ்சின் ஒரு முனையில் உங்கள் காதை ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையைத் தோழி ஒருத்தி நகத்தால் மெல்லச் சுரண்டட்டும். காதை எடுத்துவிட்டால் கேட்காத ஓசை, வைத்தால் தெளிவாகக் கேட்கும். காற்று தராத செய்தியை மரம் தருகிறது. விமானமும் அதைப்போலத்தான். அது ஆகாயத்தில் பறக்கும். ஆனால் தன் காதைக் கடலில் வைக்க வேண்டும். அந்தக் காதுதான் ‘ஒலி மிதவை’.

ஒலி மிதவை என்பது நீண்ட டப்பா போன்ற கருவி. விமானத்திலிருந்து போட்டதும் சிறு பாராசூட்டின் உதவியால் மெல்ல இறங்கிக் கடலில் மிதக்கும். அதிலிருந்து ஓர் ஒயர் கீழே இறங்கும். ஒயரின் நுனியில் நீருக்குள் கேட்கும் ஒலிவாங்கி இருக்கும். அது கேட்டதை மேலே உள்ள சிறிய ரேடியோ, விமானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மிதவை மட்டும் போட்டால், ‘ஏதோ ஓசை கேட்கிறது’ என்றுதான் தெரியும். பல மிதவைகளைப் பரப்பிப் போட்டு, எதில் ஓசை அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால், ஓசை எழும் இடத்தை நெருங்கலாம்.

இரவில் வீட்டுக்குள் சில்வண்டு கத்தும்போது அதைத் தேடியிருக்கிறீர்களா? நாம் நெருங்கியதும் அது சட்டென்று நிறுத்திவிடும். நீர்மூழ்கியும் அப்படியே! தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் இயந்திரத்தை அடக்கி, மூச்சுக்கூட விடாததுபோல் கிடக்கும். ஆனால் அந்தக் கால நீர்மூழ்கிகளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. நீருக்குள் அவை பாட்டரியால் ஓடும். பாட்டரி தீர்ந்தால் டீசல் இயந்திரத்தை ஓட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். எனவே மேலே வரவேண்டும். அல்லது காற்றுக் குழாயையாவது நீருக்குமேல் நீட்ட வேண்டும். அந்தச் சிறு குழாயையும், எட்டிப் பார்க்கும் பெரிஸ்கோப்பையும் பிடிப்பதற்காகவே விமானத்தில் ராடாரும் வைத்தார்கள்.

அலிசே பிறந்த கதை

பிரான்ஸ் தேசத்துப் பிரெகே என்ற கம்பெனி, 1951 இல் ‘வல்ட்யூர்’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டது. வல்ட்யூர் என்றால் கழுகு. அது கப்பலிலிருந்து சென்று தாக்குவதற்கென்று செய்யப்பட்டது. மூக்கில் விசிறி சுழற்றும் டர்போ இயந்திரம், வாலில் ஜெட் இயந்திரம் என்று அதற்கு இரண்டு இயந்திரங்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஜெட் விமானங்கள் வேகமாக முன்னேறியதால், தாக்கும் விமானமாக அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

அத்துடன் அந்த உழைப்பு வீணாகிவிடவில்லை. அதே சமயத்தில் பிரெஞ்சுக் கடற்படைக்கு நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம் தேவைப்பட்டது. வடிவமைப்பாளர்கள் வாலிலிருந்த ஜெட் இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே கிடைத்த இடத்தில், வேண்டும்போது கீழே இறக்கி, வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளும் ராடார் கூட்டை வைத்தார்கள். இப்படி உருமாறிய அலிசே, 1956 அக்டோபர் 6 ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. பூகோளப் பாடத்தில் நாம் படிக்கும் வியாபாரக் காற்றுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘அலிசே’ என்று பெயர். ஒரே சீராக ஓயாமல் வீசும் காற்று அது. ஓயாமல் சுற்றித் தேடும் விமானத்துக்குப் பொருத்தமான பெயர் அன்றோ?

அதன் இயந்திரம் ரோல்ஸ் ராய்ஸ் ‘டார்ட்’. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பயணிகளை ஏற்றிச் சென்ற வைக்கவுண்ட், ஃபாக்கர் ஃப்ரெண்ட்ஷிப், ஆவ்ரோ விமானங்களிலும் இருந்தது இந்த டார்ட் இயந்திரமே. ஜெட் இயந்திரத்தை விட்டு விசிறியை ஏன் தேர்ந்தார்கள்? தேடும் வேலைக்கு வேகம் பெரிதன்று, பொறுமைதான் பெரிது. கடலின் மேல் தாழ்வாகவும் மெதுவாகவும், குறைந்த எண்ணெய்ச் செலவில் பல மணி நேரம் சுற்ற வேண்டும். வயலில் தொலைந்த தோட்டைத் தேடுகிறவள் ஓடிக்கொண்டே தேடுவாளா?

அலிசேயில் மூவர் அமர்ந்து செல்வார்கள். ஒருவர் ஓட்டுவார். மற்ற இருவர் வழி கணித்தல், ராடார் பார்த்தல், மிதவைகளின் ஓசையைக் கேட்டல் ஆகிய வேலைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 15.6 மீட்டர். கப்பலில் இடம் குறைவாதலால், கோழி இறக்கையை ஒடுக்கிக்கொள்வதுபோல் மடக்கிச் சுமார் 7 மீட்டராக்கி விடலாம். இறக்கையில் சக்கரம் உள்ளே செல்லும் கூடுகளின் முன்பகுதியில் ஒலி மிதவைகள் இருக்கும். வயிற்றுப் பகுதியில் டார்பிடோவோ ஆழ்நீர்க் குண்டுகளோ இருக்கும். பிரெஞ்சுக் கடற்படைக்கு 75 அலிசேக்களும், இந்தியாவுக்கு 12 அலிசேக்களும் செய்யப்பட்டன.

விக்ராந்தில் குடியேறியது

விக்ராந்த் முதலில் ஆங்கிலேயருக்காகக் கட்டப்பட்ட கப்பல். ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் 1945 இல் நீரில் இறக்கப்பட்டு, யுத்தம் முடிந்ததால் பாதியில் நின்றது. அதை 1957 இல் இந்தியா வாங்கியது. வேலை முடிந்து 1961 மார்ச் 4 ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் நகரில், அப்போது பிரிட்டனில் இந்தியத் தூதராயிருந்த திருமதி விஜயலட்சுமி பண்டிட் அவர்களால் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதே மாதத்தில் பிரான்ஸ் நாட்டு இயேர் என்ற ஊரில், அலிசே விமானங்களுக்கான 310 ஆம் எண் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு ‘நாகங்கள்’ என்று பொருள்படும் ‘கோப்ராஸ்’ என்பது செல்லப்பெயர். 1961 நவம்பரில் விக்ராந்த் பம்பாய் வந்து சேர்ந்தது.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961 செப்டம்பரில் முதலில் தொடங்கப்பட்டது கோயமுத்தூரை அடுத்த சூலூரில்தான். பிறகு 1964 இல் அது கோவாவுக்கு மாறியது.

கப்பலிலிருந்து பறப்பது எளிதன்று. விக்ராந்தின் நீளம் சுமார் 210 மீட்டர். விமானம் ஓடி எழ அது போதாது. எனவே நீராவியின் வேகத்தால் இயங்கும் கவண் ஒன்று விமானத்தை முன்னோக்கி வீசும். அதோடு கப்பலும் காற்றுக்கு எதிர்த்திசையில் விரைந்து செல்லும். பட்டம் விடுகிறவள் காற்றை எதிர்த்து ஓடுவதன் தத்துவம்தான் இது. இறங்கும்போது வாலருகே உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியுள்ள கம்பிகளில் ஒன்றைப் பற்ற வேண்டும். தவறினால், ஓட்டுபவர் உடனே வேகத்தைக் கூட்டி மீண்டும் மேலெழ வேண்டும். அலைமேல் ஏறி இறங்கும் தளத்தில், இரவிலும் இதைச் செய்தவர்களின் மன உறுதியை எண்ணிப் பாருங்கள்.

1971 டிசம்பர்

1961 டிசம்பரில் கோவா விடுதலையின்போது அலிசேக்கள் கடலைக் கண்காணித்தன. ஆனால் உண்மையான சோதனை 1971 இல் வந்தது. அப்போது விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் செல்ல இயலாது. கப்பலின் வேகம் குறைந்தால் விமானம் எழுவதற்கு வேண்டிய எதிர்க்காற்றும் குறையும் என்று மேலே பார்த்தோமல்லவா? அந்தக் குறையோடுதான் விக்ராந்த் வங்கக் கடலுக்கு வந்தது.

அதைத் தேடி மூழ்கடிக்கப் பாகிஸ்தானின் ‘காஜி’ என்ற நீர்மூழ்கி வந்தது. விக்ராந்தோ அந்தமான் தீவுகளின் பக்கம் மறைந்திருந்தது. டிசம்பர் 3, 4 ஆம் தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. ‘ராஜ்புத்’ கப்பல் போட்ட ஆழ்நீர்க் குண்டுகளால் மூழ்கியது என்று இந்தியா சொல்கிறது. உள்ளே நேர்ந்த வெடிவிபத்தால் அல்லது அதுவே வைத்த கண்ணிவெடியால் என்று பாகிஸ்தான் சொல்கிறது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் சீ ஹாக் ஜெட் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கின. அலிசேக்கள் கப்பலைச் சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடியதோடு, பெரும்பாலும் இரவு நேரத்துத் தாக்குதல்களையும் மேற்கொண்டன. காது கேட்கப் பிறந்த விமானம் கை ஓங்கவும் வேண்டியதாயிற்று.

மேற்குக் கடலில் நடந்தது வேறு கதை. டிசம்பர் 9 ஆம் தேதி இரவு, நீர்மூழ்கிகளைத் தேடச் சென்ற நமது ‘குக்ரி’ கப்பலையே ‘ஹாங்கோர்’ என்ற நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலோடு கடலில் மறைந்தார். மறுநாள், மேற்குக் கடலில் ரோந்து சென்ற அலிசே ஒன்றைப் பாகிஸ்தானின் எஃப்-104 என்ற அதிவேக ஜெட் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த மூவரும் திரும்பவில்லை. பொறுமைக்காகச் செய்யப்பட்ட விமானத்தால், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்திடமிருந்து எப்படித் தப்ப முடியும்? ஒரு வேலைக்குச் சிறந்ததாக ஒன்றைச் செய்யும்போது, இன்னொன்றை இழக்கிறோம். இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தேடச் சென்ற கப்பல் எப்படித் தோற்றது?

கடல் நீர் ஒரே சீரானதன்று என்பது இதில் ஒரு முக்கியமான பாடம். கோடையில் கிணற்றில் நீந்தியவர்களுக்குத் தெரியும். மேல்நீர் வெதுவெதுப்பாயிருக்கும், கால் எட்டும் ஆழத்தில் சில்லென்றிருக்கும். நம் வெப்ப நாட்டுக் கடலும் அப்படித்தான். குளிர்ந்த நீரில் ஒலியின் வேகம் குறையும். ஆகவே வெப்பம் மாறும் இடத்தில் ஒலி நேராகச் செல்லாமல் வளைந்துவிடும். சித்திரை வெயிலில் திருச்சி சாலையில் கானல் நீர் தெரிகிறதே, அங்கே சூடான காற்றில் ஒளி வளைகிறது. இங்கே ஒலி வளைகிறது. கப்பலின் அடியில் பொருத்திய சோனார் கருவி மேல்நீரிலிருந்து ஒலி எழுப்பினால், அது வளைந்து சென்று சில இடங்களைத் தொடாமலே விட்டுவிடும். அந்த ஒலி நிழலில் நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளும்.

விமானம் போடும் மிதவையிலோ ஒலிவாங்கியை ஒயரில் கட்டி, அந்த அடுக்குக்குக் கீழேயும் இறக்கலாம். ஹெலிகாப்டர் இன்னும் ஒரு படி மேல். நின்ற இடத்தில் மிதந்தபடி சோனாரையே கயிற்றில் கட்டி நீரில் இறக்கிக் கேட்டுவிட்டு, அடுத்த இடத்துக்குப் பறந்துவிடும். 1971 முதல் சீ கிங் ஹெலிகாப்டர்கள் நம் கடற்படைக்கு வந்தன. மெல்ல மெல்ல அலிசேயின் வேலையை அவை ஏற்றுக்கொண்டன. 1987 ஏப்ரலில் அலிசே கடைசித் தடவையாக விக்ராந்திலிருந்து பறந்தது. பிறகு சில ஆண்டுகள் தரையிலிருந்து பணியாற்றி, 1991 வாக்கில் ஓய்வு பெற்றது. பிரான்சில் 2000 வரை பறந்தது. விக்ராந்தும் 1997 ஜனவரியில் விடைபெற்று, சில காலம் பொருட்காட்சியாயிருந்து, 2014 இல் உடைக்கப்பட்டது. அதே பெயரில், நம் நாட்டிலேயே கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 இல் கடற்படையில் சேர்ந்தது.

நமக்கு அருகில்

இன்று நீர்மூழ்கியைத் தேடும் பெரிய விமானங்களைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அவர்கள் தொடங்கி வைத்த ஐ.என்.எஸ். ராஜாளி தளம் இருக்கிறது. அங்கே நான்கு இயந்திரங்கள் கொண்ட ருஷ்ய நாட்டு டியு-142 விமானங்கள் 2017 மார்ச் வரை பணிபுரிந்தன. அவற்றின் இடத்துக்கு 2013 முதல் பி-8ஐ விமானங்கள் வந்தன. இவை கப்பலில் இறங்குபவை அல்ல, தரையிலிருந்து பறப்பவை. ஆனால் மிதவையைப் போட்டுக் கடலைக் கேட்கும் முறை, அலிசே காலத்து முறைதான்.

2017 இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் நடுக்கடலில் சிக்கியபோது, தேடச் சென்றவற்றுள் கடற்படை விமானங்களும் இருந்தன. அலைகளுக்கிடையே பெரிஸ்கோப்பைத் தேடப் பழகிய கண், தத்தளிக்கும் ஒரு படகையும் தேடுகிறது. அழிக்கக் கற்ற வித்தையே காக்கவும் பயன்படுகிறது.

மூன்றாவது ஆசனம்

எங்களை மிகவும் மகிழ்வித்த செய்தியைக் கடைசியாகச் சொல்கிறோம். அலிசேயில் ஓட்டுநரோடு சென்று ராடாரையும் ஓசையையும் கவனித்தவர்களைப் போன்ற பணியாளருக்குக் கடற்படையில் ‘அப்சர்வர்’ என்று பெயர். அலிசே பறந்த காலத்தில் அந்த ஆசனம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. 2009 இல் முதன்முதலாக இரண்டு பெண்கள் அப்சர்வர்களாகத் தேறினார்கள். 2019 டிசம்பர் 2 இல் ஷிவாங்கி என்ற பெண், கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். 2020 இல், போர்க்கப்பலிலிருந்து பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கென்று இரண்டு பெண் அப்சர்வர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த வேலைக்கு வேண்டியவை கணக்கும் பௌதிகமும், அசையாத கவனமும். “பெண் பிள்ளைக்கு எதற்கு பௌதிகம்?” என்று இன்னும் கேட்கும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் இந்தப் பக்கத்தை உரக்கப் படிக்குமாறு தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

முடிவுரை

நாங்கள் யுத்தத்தைப் புகழ்ந்து எழுதவில்லை. குக்ரியில் மாண்டவர்களுக்கும் காஜியில் மாண்டவர்களுக்கும், திரும்பாத அலிசேயின் மூவருக்கும் வீட்டில் காத்திருந்த தாய்மார் இருந்தார்கள். யுத்தமே இல்லாத கடலைத்தான் நாம் விரும்ப வேண்டும். ஆயினும் பிறரைக் காக்க, இருட்டிலே பல மணி நேரம் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டிருந்தவர்களின் பணி மதிப்பிற்குரியது. உரத்துப் பேசுவது யாருக்கும் எளிது. கூர்ந்து கேட்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அடுத்த முறை வேளாங்கண்ணிக் கரையில் நிற்கும்போது அலையை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அந்த நீருக்குள் ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். எங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உங்கள் கேள்விகளை விஞ்ஞான மன்றத்துக்கு எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.